குளிர் நடுங்கிய அன்று சி.ஆர்.பி. 8, மறுநாள் 74, காய்ச்சல் விட்ட பிறகு 138: எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

வெள்ளவத்தைவாசி
ஞாயிறு, இரவு 10.15

அம்மாவுக்கு வயது 63. பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். போன வியாழக்கிழமை சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றார். நிறையத் தண்ணீர் குடியுங்கோ என்று சொல்லிவிட்டு நான் கந்தோருக்குப் போய்விட்டேன். அதற்காக இன்னும் மனம் குறுகுறுக்கிறது.

வெள்ளி பின்னேரம் 4 மணிக்குத் தங்கச்சி கோல் எடுத்தாள். அம்மா நடுங்குகிறாவாம். கோட்டையிலிருந்து ஓட்டோ பிடித்து, காலி வீதி நெரிசலில் வீடு வந்து சேர 5 மணி தாண்டிவிட்டது. மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கட்டிலோடு ஒட்டியிருந்த ஸ்டூலில் தண்ணீர்க் கிளாஸ் கிணுகிணு என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. கையையும் காலையும் தொட்டால் ஐஸ். நெற்றியில்கூடப் பெரிய சூடு இல்லை. அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 103.

இரவு 7 மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு 13,400. அதில் நியூட்ரோபில் 86 சதவீதம். தொற்று இருந்தால் இரத்தத்தில் ஏறும் என்கிற சி.ஆர்.பி. மட்டும் 8. டிஸ்பென்சரி டொக்டர் மருந்து தந்து, இரவில் மோசமானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ என்றார். ஒரு மணிக்கு வாந்தி தொடங்கியது. கொண்டு போனோம், வார்டில் சேர்த்தார்கள், சேலைனோடு ஊசி மருந்தும் தொடங்கினார்கள்.

சனி இரவு 7 மணிக்கு சி.ஆர்.பி. 74. இன்று காலை அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்து மூன்று இடியப்பம் சாப்பிட்டா. நிம்மதியாக வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போனால், புது ரிப்போர்ட்டில் 138.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாகிற மாதிரிக் கிடந்த நேரத்தில் 8. இடியப்பம் சாப்பிட்ட நாளில் 138. வார்டில் ஒரு இளம் டொக்டரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, நின்று பதில் சொன்னா. "பக்டீரியா சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. உங்கட அம்மாவின் வெள்ளை அணுக்களில் ஜீன் எல்லாம் மாறி வேலை செய்யுது, எண் இறங்கக் கொஞ்சம் நாள் எடுக்கும்" என்றா. அதற்குள் அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜீன் மாறுகிறது என்றால் என்ன? ஒரு கிருமி வந்து அம்மாவின் ஜீனையே மாற்றிவிடுமா? அது அப்படியே நின்றுவிடுமா? நான் படித்தது கொமர்ஸ். தயவுசெய்து எனக்கு விளங்குகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். இன்றிரவு நித்திரை வராது.

புறக்கோட்டைக்காரன்
ஞாயிறு, இரவு 10.40

முதல் ரிப்போர்ட் பிழையாக இருக்கும் தம்பி. ஒரு நாளில் 8 எப்படி 74 ஆகும்? வேறு இடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

மைக்ரோபிபெட்
ஞாயிறு, இரவு 11.55

அண்ணா, அம்மா இடியப்பம் சாப்பிட்டார் என்று படித்ததும் எனக்கே மூச்சு வந்தது. நான் டொக்டர் இல்லை, ஆகவே மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் 16 வருடமாக இரத்தம் பார்க்கிறேன். நடுவில் 3 வருடம் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக இதே வெள்ளை அணுக்களோடுதான் இருந்தேன். எண்களைப் பற்றிச் சொல்லலாம். உங்கள் மூன்று ரிப்போர்ட்டும் சரி. அவை மூன்று வெவ்வேறு நேரத்தைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

கிருமி அம்மாவின் ஜீனை மாற்றவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். டி.என்.ஏ.யில் உள்ள எழுத்து அப்படியே இருக்கிறது. எந்த ஜீன் வாசிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. நீங்கள் கோட்டையில் வேலை என்கிறீர்கள், கொமர்ஸ் என்கிறீர்கள், கந்தோரில் ஃபைல் அடுக்கிய ராக்கை எப்படியும் இருக்கும். மனிதக் கலம் ஒன்றில் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000. மூளைக் கலத்திலும் தோலிலும் வெள்ளை அணுவிலும் அதே ஃபைல்கள்தான். இன்றைக்கு மேசைக்கு எது வருகிறது என்பதில்தான் ஒவ்வொரு கலமும் வேறுபடுகிறது. கிருமி வந்ததும் வெள்ளை அணுவின் மேசை தலைகீழாக மாறும். அந்த டொக்டர் சொன்னது அதைத்தான்.

அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் ஈ.கோலையாக இருக்கும். சிறுநீர்த் தொற்றுகளில் மிகுதியானவை அதனால்தான் வருகின்றன, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் தெரிந்துவிடும். அந்தப் பக்டீரியாவின் வெளித்தோலில் எல்.பி.எஸ். என்று ஒரு கொழுப்புச்சர்க்கரைப் பொருள் உண்டு. நம் உடம்பில் எங்கேயும் அது உருவாவதில்லை. நம்முடைய மொனோசைட், மக்ரோஃபேஜ் என்ற தின்குழியங்கள் அதைக் கண்டுபிடிக்கவே டி.எல்.ஆர். 4 என்ற ஏற்பியை மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. எல்.பி.எஸ்.ஸை உணர்வது இதுதான் என்று 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு காட்டியது. அவருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஏற்பியில் எல்.பி.எஸ். ஒட்டியதும் கலத்துக்குள் ஒரு கட்டு அவிழ்கிறது. என்.எஃப். கப்பா பி என்று ஒரு புரதம், டி.என்.ஏ. இருக்கும் கலத்தின் கருவுக்கு வெளியே எப்போதும் தயாராக நிற்கிறது. 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் இருவரும் கண்டறிந்தது. ஐ கப்பா பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். சமிக்ஞை வந்தால் பிடித்திருந்தது உடைக்கப்படுகிறது, அவிழ்ந்தது கருவுக்குள் நுழைந்து ஜீன்களின் வாசலில் உட்காருகிறது. அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை இது. புதிதாக ஒன்றும் தயாரிக்க வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு வேகம்.

முதலில் திறக்கப்படுபவை மேசையின் ஓரத்திலேயே எடுத்து வைத்த ஃபைல்கள். அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைப் புரதம் ஒன்றைச் செய்கிற டி.என்.எஃப். என்ற ஜீன் அப்படிப்பட்டது. வாசிக்கும் இயந்திரம் அதன் வாசலில் ஏற்கெனவே வந்து நிற்கும். அதேபோல் சமிக்ஞைப் புரதம் செய்கிற ஐ.எல். 6 போன்றவை இரும்பு அலுமாரிக்குள் இருப்பவை. டி.என்.ஏ. அங்கே புரத உருண்டைகளில் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது, சுற்றை நகர்த்தினால்தான் வாசிக்கலாம். சிலவற்றுக்கு முதல் அலையில் உண்டான புரதங்களும் தேவை. அதனால் அவை பிந்தி வருகின்றன.

இதை நான் கண்ணால் பார்த்தேன், அதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் 20 மில்லிலீற்றர் இரத்தம் வாங்கி, அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றினால், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே மெல்லிய வெண்புகைபோல ஒரு வளையம் மிதக்கும். மூச்சுப் பட்டால் கலைந்துவிடுமோ என்று இருக்கும். அதை உறிஞ்சிப் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் மொனோசைட்டுகள் மட்டும் அடியில் ஒட்டிக்கொள்ளும், மற்றவற்றைக் கழுவிவிடலாம். பிறகு ஒரு மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் எல்.பி.எஸ். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நனோகிராம். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை, அதன் தோலின் தூசு மட்டும். 0, அரை, 1, 2, 4, 8, 24 மணித்தியாலம் என்று தட்டுத் தட்டாக எடுத்து, வாசிக்கப்பட்ட ஜீனின் பிரதியான ஆர்.என்.ஏ.யைப் பிரித்து அளந்தோம். ஒரு மணித்தியாலத் தட்டிலேயே டி.என்.எஃப். தூது ஆர்.என்.ஏ. அறுபது மடங்கைத் தாண்டியிருந்தது. ஐ.எல். 6 அப்போது தூங்கி எழும்புகிற நிலையில். 4 மணித்தியாலத் தட்டில் அது ஆயிரம் மடங்குக்கு மேல். இரவு பத்தரைக்கு அந்த வளைகோடு திரையில் ஏறியதைப் பார்த்துக் கை கூப்பிவிட்டேன்.

இதே வேலையில் ஒருமுறை மூன்று வாரம் வீணாயிற்று. எல்.பி.எஸ். போடாத தட்டிலேயே கலங்கள் விழித்திருந்தன. தேடித் தேடிக் கடைசியில் கரைசல் ஊற்றிய கண்ணாடிப் போத்தலில் வந்து நின்றேன். 121 பாகையில் நீராவியில் அவித்த போத்தல், கிருமி செத்துவிட்டது, எல்.பி.எஸ். மட்டும் சாகவில்லை. கண்ணாடியை 250 பாகையில் அரை மணித்தியாலம் உலர் சூட்டில் வைத்தால்தான் அது போகும். செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட நம் கலங்கள் விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன்.

இனி உங்கள் அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வியாழன் எரிவு சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்று. அந்த நிலையில் சி.ஆர்.பி. பெரிதாக ஏறாது. வெள்ளி பின்னேரம் கிருமியோ அதன் தோலோ இரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். தின்குழியங்களில் டி.என்.எஃப்., ஐ.எல். 1, ஐ.எல். 6 ஜீன்கள் திறந்தன. அந்தப் புரதங்கள் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்ச் சுவரைத் தொட்டு அங்கே இன்னொரு ஜீனைத் திறந்தன. அது செய்யும் நொதியம் புரொஸ்டாகிளாண்டின் என்ற காய்ச்சல் இரசாயனத்தை உண்டாக்க, மூளை உடம்பின் வெப்ப அளவை 103க்கு ஏற்றி வைத்தது. உடம்பு இன்னும் 98இல் இருக்கிறது, மூளை 103 கேட்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நடுக்கம். கை கால் ஐஸாக இருந்ததும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான். அந்தக் கிளாஸ் கிணுகிணுத்த நேரத்தில் முதல் அலை ஜீன்கள் ஏற்கெனவே வேலை செய்துவிட்டன.

வெள்ளை அணு 7 மணிக்கே கூடியிருந்ததற்குக் காரணம் வேறு. நியூட்ரோபில்களில் பெரும் பங்கு இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியபடியும் எலும்பு மச்சையில் சேமிப்பாகவும் காத்திருக்கிறது. அவற்றை அவிழ்த்து விட்டால் போதும், புதிதாகச் செய்யத் தேவையில்லை.

சி.ஆர்.பி. அப்படியில்லை. அது வெள்ளை அணுவில் உண்டாவதே இல்லை, ஈரலில் உண்டாவது. தின்குழியம் ஐ.எல். 6 செய்ய வேண்டும், அது இரத்தத்தில் ஈரலுக்குப் போக வேண்டும், ஈரல் கலம் தன் சி.ஆர்.பி. ஜீனைத் திறக்க வேண்டும், புரதம் செய்து வெளியே விட வேண்டும். அளவு ஏறத் தொடங்க 6 மணித்தியாலம் போல் ஆகும். பிறகு ஏறக்குறைய 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். உச்சம் தொடுவது ஒன்றரை, இரண்டு நாளில். நடுக்கம் 4 மணிக்கு, இரத்தம் எடுத்தது 7 மணிக்கு. அப்போது 8தான் இருக்கும். 8, 16, 32, 64 என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், உங்கள் 74 பக்கத்தில் நிற்கிறது. புறக்கோட்டைப் பெரியவர் முதல் ரிப்போர்ட் பிழை என்கிறார், அவர் அக்கறையில் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த 8ஐப் பார்க்கிற எந்த ஆய்வுகூடக்காரியும் முதலில் கேட்பது, காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று.

இன்றைய 138? காய்ச்சலைத் தருகிற ஜீன்கள் காலையிலேயே அடங்கியிருக்கும். ஈரல் கடைசியாகக் கேட்ட கட்டளையை முடித்துக்கொண்டிருக்கிறது. இரத்தத்துக்குள் வந்த சி.ஆர்.பி. பாதியாகக் குறைய 19 மணித்தியாலம் வேண்டும். அம்மாவின் முகம் முன்னால் போகிறது, எண் பின்னால் வருகிறது. நாளைக்கோ நாளை மறுநாளோ இறங்கத் தொடங்கினால் டொக்டர்கள் எதிர்பார்க்கிற வழியில்தான் போகிறது. ஏறிக்கொண்டே போனாலோ காய்ச்சல் திரும்பினாலோ அவர்களிடம் உடனே சொல்லுங்கள். இப்போது படுங்கள் அண்ணா.

பம்பலப்பிட்டி அன்ரி
திங்கள், காலை 6.20

தம்பி, அம்மா வந்ததும் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுங்கோ. நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி வைத்தால் கிருமி கிட்டவே வராது. மகள், உங்கள் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஜீனெல்லாம் இன்னும் வேகமாக வேலை செய்ய என்ன சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கலாமே.

உயர்தரம் பயோ
திங்கள், காலை 7.05

அக்கா, எங்கள் புத்தகத்தில் நியூட்ரோபில் என்பது நடுநிலைநாடி, ஜீன் என்பது பரம்பரையலகு. அது போகட்டும். ஒரு சந்தேகம். எல்லாக் கலத்திலும் ஒரே டி.என்.ஏ. என்கிறீர்கள். ஆனால் பிறபொருளெதிரி செய்யும் பி கலங்களில் டி.என்.ஏ.யையே வெட்டி ஒட்டுவதாக சேர் ரியூஷனில் சொன்னார். எது சரி? மற்றது, வேலை முடிந்ததும் ஜீன்கள் பழைய நிலைக்கே வந்துவிடுமா?

மைக்ரோபிபெட்
திங்கள், இரவு 9.30

தம்பி, உங்கள் சேர் சொன்னது சரி. பி கலமும் டி கலமும் வளரும்போது ஏற்பிக்கான டி.என்.ஏ. துண்டுகளை வெட்டி வேறு வேறு விதமாக இணைக்கின்றன. அதை 1976இல் சுசுமு தொனேகாவா காட்டினார், 1987இல் நோபல் பரிசு பெற்றார். நான் மேலே சொன்னது மொனோசைட், மக்ரோஃபேஜ், ஈரல் கலம் இவற்றைப் பற்றி. அங்கே எழுத்து மாறுவதில்லை. நேற்று நான் இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டது பிழை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அன்ரியின் கேள்விக்கும் பதில் ஒன்றே. இதை எழுதத்தான் பகல் முழுதும் மனதில் வைத்திருந்தேன்.

அன்ரி, மல்லித்தண்ணி எங்கள் வீட்டிலும் அவிப்போம், தொண்டைக்கு இதம். ஆனால் சிறுநீரகத்தில் தொற்று வந்தவருக்கு அதை மருந்தாக நினைத்து டொக்டரின் மருந்தைப் பிந்தவிடக்கூடாது. அதைவிட முக்கியமாக, இந்த ஜீன்களைக் கூட்டி வைக்க நாம் ஆசைப்படவே கூடாது. வார்டில் தீவிரத் தொற்றோடு கிடப்பவர்களில் எத்தனையோ பேரை வீழ்த்துவது கிருமி மட்டும் இல்லை, அடங்காமல் எரிகிற இதே எதிர்ப்பும்தான். டி.என்.எஃப். அளவு மீறினால் இரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியும், இரத்த அழுத்தம் விழும், உறுப்புகளுக்கு இரத்தம் போகாது.

அதனால் கலம் ஜீனைத் திறக்கும்போதே பூட்டையும் செய்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். என்.எஃப். கப்பா பி கருவுக்குள் போய்த் திறக்கும் முதல் ஜீன்களில் ஒன்று ஐ கப்பா பி, அதாவது தன்னைக் கட்டி வைத்திருந்த அதே புரதத்தின் ஜீன். புதிதாக உண்டான ஐ கப்பா பி உள்ளே போய் அதைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வரும். சமிக்ஞை இன்னும் இருந்தால் திரும்ப அவிழும், திரும்பக் கட்டுப்படும். அந்தப் புரதத்தை ஒளிரச் செய்து உயிருள்ள கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 100 நிமிடத்துக்கு ஒருமுறை அது கருவுக்குள் போய் வருவதைக் கண்டிருக்கிறார்கள்.

இது ஒரு பூட்டு. தூது ஆர்.என்.ஏ.யிலும் இன்னொன்று உண்டு. டி.என்.எஃப். தூதின் வால் பகுதியில் நீண்டகாலம் உயிர் வாழாதே என்று எழுதி வைத்த மாதிரி ஒரு எழுத்துத் தொடர் இருக்கிறது. அதைப் பிடித்துச் சிதைக்கும் புரதமும் அதே தொற்றில் திறக்கப்படுகிற ஜீனிலிருந்துதான் வருகிறது. என் 24 மணித்தியாலத் தட்டில் டி.என்.எஃப். பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எல்.பி.எஸ். அந்தத் தட்டில் இன்னும் இருந்தது, நான் கழுவவில்லை. அது இருக்கவே கலம் தானாக அடங்கியது.

ஆரோக்கியமான தொண்டர்களுக்கு மிகச் சிறிய அளவு எல்.பி.எஸ். ஊசியாக ஏற்றி, அவர்களின் வெள்ளை அணுக்களை 24 மணித்தியாலம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. 3,700க்கு மேற்பட்ட ஜீன்களின் வேலை மாறியது. 20,000இல் 3,700 என்றால் ஆறில் ஒன்றுக்கும் மேல். அவற்றில் நிறைய ஜீன்கள் ஏறவில்லை, இறங்கின. சக்தி உண்டாக்கும் மைற்றோகொண்ட்ரியாவின் ஜீன்கள், புரதம் செய்யும் றைபோசோமின் ஜீன்கள் எல்லாம் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஒரு நாள் முடிய எல்லாம் பழைய நிலைக்கு வந்தது.

ஆனால் தம்பி, முழுசாகப் பழைய நிலைக்கு வருகிறதா என்றால், சில இடத்தில் தடம் நிற்கிறது. ஒருமுறை எல்.பி.எஸ். கண்ட மக்ரோஃபேஜுக்கு மறுநாளே திரும்பக் கொடுத்தால் அது முன்போலத் துள்ளாது. 2007இல் ருஸ்லான் மெட்ஷிட்டோவின் ஆய்வுகூடம் எலிக் கலங்களில் பார்த்தபோது, அழற்சி ஜீன்கள் அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தன, கிருமியைக் கொல்லும் புரதங்களின் ஜீன்கள் மட்டும் திறந்தபடியே இருந்தன. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு. மிகக் கடுமையான தொற்றிலிருந்து மீண்டவர்களுக்கு அடுத்த தொற்று சுலபமாக வருவதில் இந்த அடக்கத்துக்கும் பங்கு உண்டு. அண்ணா, அம்மாவைக் கொஞ்ச நாள் கூட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள் என்று டொக்டர்கள் சொன்னால் அதைத் தட்டாதீர்கள்.

எதிர்த்திசையிலும் தடம் உண்டு. நம் இடது கையில் இருக்கிற, பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், இங்கே பிறந்த சூட்டோடே போடுகிறார்கள். நெதர்லாந்தின் நைமேகனில் மிஹாய் நெட்டியாவின் குழு 2012இல் தொண்டர்களுக்கு பி.சி.ஜி. போட்டு மூன்று மாதம் கழித்து மொனோசைட்டுகளைச் சோதித்தது. காசநோயோடு சம்பந்தமே இல்லாத கிருமிகளுக்கும் அவை கூடுதலாகப் பதில் கொடுத்தன. அழற்சி ஜீன்களின் வாசலில், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரத உருண்டையில், திறந்து வை என்று சொல்கிற ஒரு இரசாயனக் குறி மிச்சமிருந்தது. எழுத்து மாறவில்லை, ஃபைலில் ஒரு தாள் நாடா செருகி வைத்த மாதிரி. இது பிள்ளைகளுக்குக் கடத்தப்படுமோ என்ற பயம் வேண்டாம் அண்ணா, முட்டையையோ விந்தையோ இந்தக் கலங்கள் செய்வதில்லை.

கொட்டாஞ்சேனை ஓய்வூதியர்
செவ்வாய், காலை 10.10

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையில் மச்சானின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சேறு அள்ளப் போன நானும் மருமகனும் ஒரே நாள் ஒரே தண்ணீரில் நின்றோம். பத்தாம் நாள் எனக்கு எலிக்காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் தசை தொட முடியாத வலி. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. மருமகனுக்கு ஒன்றும் இல்லை. கிருமியைக் காண்கிற ஏற்பி என்று பிள்ளை சொன்ன அந்தக் காவல்காரன் என்னிடம் தூங்கிவிட்டானா?

மைக்ரோபிபெட்
செவ்வாய், இரவு 8.45

ஐயா, நீங்கள் மீண்டு வந்து இதை எழுதுவது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

எலிக்காய்ச்சல் கிருமி விஷயத்தில் மனிதனுக்கு ஒரு குறை இருக்கிறது. லெப்டோஸ்பைரா என்ற அந்தக் கிருமிக்கும் எல்.பி.எஸ். உண்டு, ஆனால் அதன் வடிவம் வேறு. நம் டி.எல்.ஆர். 4 அதைக் காண்பதில்லை. டி.எல்.ஆர். 2 என்ற இன்னொரு ஏற்பிதான் காண்கிறது என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் 2001இல் காட்டினார்கள். சுண்டெலியின் டி.எல்.ஆர். 4 அதைக் கண்டுகொள்கிறது. எலிகள் கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு நோயில்லாமல் திரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வயலில் நிற்பவரும் வெள்ளச் சேற்றில் நிற்பவரும் தடுப்பு மருந்தான டொக்சிசைக்கிளினைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். எம்.ஓ.எச். எனும் சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில் கேளுங்கள், அவர்கள் சொல்கிற அளவில் எடுங்கள்.

மருமகன் தப்பியதற்குக் காலில் கீறல் இல்லாததும் காரணமாக இருக்கலாம், நான் ஊகித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் பதில் வேறுபடும் என்பது மட்டும் உறுதி. 2014இல் 432 ஐரோப்பியத் தொண்டர்களின் மொனோசைட்டுகளை எடுத்து எல்.பி.எஸ். கொடுத்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ.யில் ஆளுக்கு ஆள் இருக்கிற சிறு எழுத்து வேறுபாடுகள், கலம் அமைதியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, எல்.பி.எஸ். பட்டதும்தான் ஜீனைக் கூட்டவோ குறைக்கவோ தொடங்கின. சும்மா இருக்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரித் தெரிவார்கள், கிருமி வந்தால்தான் வித்தியாசம் வெளியே வரும். உங்கள் காவல்காரன் தூங்கவில்லை ஐயா. அவனுக்கு அடையாளம் தெரியாத முகத்தோடு கிருமி வந்தது.

வெள்ளவத்தைவாசி
வியாழன், இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. அம்மா நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டா. கல்ச்சரில் ஈ.கோலை என்றுதான் வந்தது. திங்கள் இரவு சி.ஆர்.பி. 91, செவ்வாய் 40, நேற்றுக் காலை 21. தங்கச்சி கல்குலேட்டரை எடுத்து 19 மணித்தியாலக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். திங்கள் கணக்கைவிடக் கூடத்தான் இருந்தது, அதன் பிறகு ஏறக்குறைய ஒத்து வந்தது.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மூலையிலும் இரத்தம் எடுத்த நேரத்தையும், அதற்குக் கீழே நடுக்கம் தொடங்கி எத்தனை மணித்தியாலம் என்பதையும் நீலப் பேனையால் எழுதி வைத்தேன். 3, 27, 51 என்று. டிஸ்சார்ஜ் அன்று அந்த இளம் டொக்டர் ஃபைலைப் புரட்டும்போது அதைக் கண்டு, இதை யார் எழுதினது என்று கேட்டா. நான்தான் என்றேன். அடுத்த வார கிளினிக்குக்கும் இப்படியே எழுதிக்கொண்டு வாங்கோ என்று சொல்லிவிட்டு, முதல் தாளில் அந்த 3ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டா.

மருந்து இன்னும் ஐந்து நாளைக்கு இருக்கிறது. அம்மா, உடம்பு சரியாகிவிட்டது, இனி எதற்கு என்கிறா. ஒரு வேளையும் விடாமல் கொடுக்கிறேன். அன்ரி, மல்லியும் அவித்தேன், மருந்து கொடுத்த பிறகு.